பி.எச். பத்தொன்பது

பெரும்பாக்கம், சென்னை
13.6.2025

அன்புள்ள பொன்னி,

மூன்று நாளாக உன் நம்பருக்கு அடித்துப் பார்த்துவிட்டேன். ஒரு ரிங் போய்க் கட்டாகிறது. வாட்ஸப்பில் ஒற்றை டிக்தான். நீ பிளாக் செய்துவிட்டாய் என்று புரிய எனக்கு ஒரு நாள் ஆனது. அதனால்தான் கவர் வாங்கி எழுதுகிறேன். எவ்வளவுக்கு ஸ்டாம்ப் ஒட்டவேண்டும் என்றுகூடத் தெரியாமல் போஸ்ட் ஆபீசில் கேட்டேன்.

செவ்வாய்க்கிழமை விழுப்புரத்தில் இறால் பண்ணைக் கழிவு பற்றிய விசாரணை சரியாகப் போகவில்லை என்று ஹஸ்னா போனில் சொன்னாள். அவள் கடையில்தானே நீ பிரிண்ட் எடுத்தாய்? மெஷினில் இருந்த அளவுகள் தப்பாக இருந்தனவாம், நீ அழுதுகொண்டே வந்தாயாம். வேறு எதுவும் அவளுக்குத் தெரியவில்லை. என்ன தப்பு என்று சொன்னால்தானே நான் பார்க்கமுடியும்? சென்சார் முனையில் உப்புப் படிந்திருக்கலாம். பேட்டரி இறங்கியிருக்கலாம். ஆயிரம் காரணம் இருக்கலாம்.

ஒன்று மட்டும் நினைத்துப் பார். நான் கேம் விளையாட வாங்கிய மெஷின் அது. நல்ல ஸ்கிரீன், இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ள வாகு, உள்ளே லினக்ஸ். நீ வாய்க்கால் தண்ணீரை அளக்க ஒரு கருவி வேண்டும், விலை கேட்டால் தலை சுற்றுகிறது என்று சொன்னபோது என்னுடையதைத் தூக்கிக் கொடுத்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை உன்னோடு போனில் உட்கார்ந்து அதில் சென்சாரைப் பேசவைத்தேன். ஹாஸ்டலில் ஒரே ரூமில் மூன்று வருடம் இருந்தவர்கள் நாம். நான் உனக்குக் கெடுதல் நினைப்பேனா?

ஒரு போன் பண்ணுடி. ப்ளீஸ்.

அருள்


மரக்காணம்
20.6.2025

அருள்மொழிக்கு,

கவர் வந்தது. போன் பண்ணமாட்டேன். போனில் பேசினால் நாளைக்கு நான் அப்படிச் சொல்லவில்லை என்பாய். இனி எதுவானாலும் காகிதத்தில் எழுது.

என்ன நடந்தது என்று கேட்டிருக்கிறாய். தெரிந்துகொள்.

இறால் பண்ணையின் வக்கீல் என் இருநூறு பக்கத்தையும் மேசைமேல் வைத்திருந்தார். விசாரணை அதிகாரி எதிரே உட்கார்ந்திருந்தார். எங்கள் உப்பளத்துப் பெண்கள் பதினாறு பேர் கூலியை விட்டுவிட்டு வந்து சுவர் ஓரமாக நின்றார்கள். அப்பாவும் வந்திருந்தார், கட்டுப்போட்ட காலோடு.

"என்ன படிச்சிருக்கீங்கம்மா?" என்று வக்கீல் கேட்டார்.

"பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி சார்."

"நல்லது. பி.எச். அளவு எதுலேர்ந்து எது வரைக்கும் போகும்?"

"ஜீரோலேர்ந்து பதினாலு சார்."

"ஏப்ரல் மூணாந்தேதி வாய்க்கால் தண்ணிக்கு என்ன போட்டிருக்கீங்க? சத்தமா படிங்க."

வாங்கிப் பார்த்தேன். பத்தொன்பது என்று இருந்தது. அடுத்த வரியில் தண்ணீரின் சூடு தொண்ணூற்றொரு டிகிரி. முந்தின நாள் ராத்திரி அவசரமாகப் பிரிண்ட் எடுத்ததில் நான் புரட்டிப் பார்க்கவில்லை. நான் அதை எழுதவில்லை அருள்மொழி. ஏப்ரல் மூன்றாம் தேதி நான் ஸ்கிரீனில் பார்த்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. பதினோரு மாதம், ஒரு நாளைக்கு இரண்டு வேளை, இடுப்பளவு சேற்றில் நின்று பார்த்திருக்கிறேன். மறக்குமா?

"தொண்ணூத்தோரு டிகிரின்னா உங்க ஆளுங்க எல்லாம் வெந்து போயிருக்கணுமேம்மா" என்றார் வக்கீல். எல்லோரும் சிரித்தார்கள். தண்ணீர் கொண்டுவந்த பியூன்கூடச் சிரித்தான். பண்ணை மேனேஜர் தங்கராசு கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். அப்பா மட்டும் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் தானும் சிரித்தார்.

மொத்தம் நாற்பத்தொரு நாளின் அளவுகள் இப்படி. மெஷினிலிருந்து தினமும் நீ இணையத்தில் சேர்த்துவந்த நகலை ஹஸ்னா கடையில் திறந்து பார்த்தேன். உன் நகலிலும் அதே பத்தொன்பது. ஒவ்வொரு நாளும் பழையதை அழித்துவிட்டுப் புதியதை வைக்கும்படி நீதான் செய்திருந்தாய்.

சென்சாரில் உப்புப் படிந்தால் பி.எச். பத்தொன்பது காட்டாது. அது உனக்குத் தெரியும். என்ன ஆனது என்று எழுது. எழுதி, கீழே கையெழுத்துப் போடு.

பொன்னி


பெரும்பாக்கம்
28.6.2025

அன்புள்ள பொன்னி,

உன் கடிதத்தை ஆபீஸ் கேண்டீனில் வைத்துப் படித்தேன். சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

மெஷினை நேற்று பார்த்தேன். இங்கிருந்தபடியே உள்ளே போய்ப் பார்க்க முடிகிறதே, அப்படி. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பொறுமையாகப் படி.

இந்த வகை மெஷின் கடையிலிருந்து வரும்போது அதன் உள்பகுதி பூட்டியே வரும். கேம் விளையாடலாம், படம் பார்க்கலாம். உள்ளே இருக்கும் எதையும் யாரும் மாற்ற முடியாது. அப்படி இருந்தால் உன் சென்சாரை அதோடு இணைக்க முடியாது. அதனால் டெவலப்பர் மோடை இயக்கினோம். ஒரு மஞ்சள் கட்டம் வந்தது, ஞாபகம் இருக்கிறதா? இதற்குப் பிறகு இந்தக் கருவியின் பாதுகாப்புக்கு உத்தரவாதம் இல்லை என்று. அதற்குப் பிறகு உள்பகுதியின் பூட்டையும் எடுத்தோம். ரூட், அதாவது வேர், என்று ஒன்று உண்டு. அந்த அதிகாரம் கையில் இருந்தால் மெஷினில் எதையும் எழுதலாம், எதையும் அழிக்கலாம். யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்ற பதிவைக்கூட அழிக்கலாம். நீ மரக்காணத்தில் இருக்கிறாய், ஏதாவது நின்றுபோனால் நான் இங்கிருந்தே சரிசெய்ய வேண்டும் என்பதற்காகத் தூரத்திலிருந்து நுழையும் வழியையும் திறந்துவைத்தேன்.

ஜூன் எட்டாம் தேதி மதியம் அந்தப் பதிவு துடைக்கப்பட்டிருக்கிறது. நான் துடைக்கவில்லை. அதற்குமேல் என்னால் உறுதியாக எதுவும் சொல்ல முடியாது. வெளியாள் வந்திருக்கலாம். நிரூபிக்க வழியில்லை.

நீ கேட்ட கையெழுத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். தெரிந்த வக்கீல் ஒருவரிடம் காட்டித்தான் எழுதினேன். 'மேற்படி கருவியில் தொழில்நுட்பக் கோளாறு ஏற்பட்டிருக்க வாய்ப்புண்டு எனத் தெரிவித்துக்கொள்கிறேன்.' இது போதும் என்றார்.

அப்பாவின் கால் எப்படி இருக்கிறது?

அருள்


மரக்காணம்
5.7.2025

அருள்மொழிக்கு,

உன் காகிதத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கிழிக்கலாம் என்றுதான் எடுத்தேன். பிறகு, நீ எழுதியதை நீயே ஒருமுறை படித்துப் பார்க்கட்டும் என்று தோன்றியது.

கோளாறு என்றால் தானாக ஆவது. வாய்ப்புண்டு என்றால் ஆகாமலும் இருந்திருக்கலாம். இதைக் கொண்டுபோய் நான் யாரிடம் கொடுப்பது?

உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். பண்ணைக்காரர்கள் என்மேல் போலீசில் புகார் கொடுத்திருக்கிறார்கள். பொய்யான ஆவணம் தயாரித்துத் தொழிலுக்குக் களங்கம் உண்டாக்கினேனாம். திங்கட்கிழமை ஸ்டேஷனில் என்னை நாலு மணிநேரம் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். எஸ்.ஐ. கேட்ட கேள்வி ஒன்றுதான். "மெஷினு கெட்டுப்போச்சா, இல்ல நீ கெடுத்தியா?" இரண்டில் ஒன்றைச் சொல்லச் சொன்னார். மூன்றாவதாக ஒன்று உண்டு என்று சொல்ல என் கையில் எதுவும் இல்லை.

உப்பு பாக்கெட் போடும் ஷெட்டில் புகார் முடியும்வரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இன்று காலை எங்கள் சங்கத்துப் பெண் ஒருத்தி என்னைப் பார்த்து, "ஏங்க்கா, மெய்யாவே நீ மாத்தி எழுதிட்டியா? நல்லதுக்குத்தான் பண்ணியிருப்பே" என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் சமாதானமாகத்தான் சொன்னாள்.

அப்பாவின் காலைக் கேட்டாய். பிப்ரவரியில் இரண்டு விரலை எடுத்தார்கள். இப்போது மூன்றாவதும் நிறம் மாறுகிறது. அவர் கால் வைத்தது அந்த வாய்க்காலில். நீ அதைப் பார்த்ததில்லை. ஏரித் தண்ணீர் மாதிரி நினைத்துக்கொண்டிருப்பாய். பண்ணைக் குட்டையின் அடியில் தேங்குவதை அப்படியே திறந்துவிடுகிறார்கள். தார் மாதிரிக் கறுப்பு. செத்த இறால், உரித்த தோல், மருந்து, தின்று மிஞ்சிய தீனி, எல்லாம் ஊறிப்போய் நுரைக்கும். கால் வைத்தால் கொழகொழவென்று கணுக்காலைப் பிடித்துக்கொள்ளும். அந்தத் தண்ணீர்தான் எங்கள் பாத்திக்கு வருகிறது. அதில்தான் உப்பு வாருகிறோம். சோப்பு போட்டுக் குளித்தாலும் சாப்பிடக் கையை வாய்க்குக் கொண்டுபோகும்போது அந்த நாற்றம் வரும்.

எனக்கு வேண்டியது இதுதான். மெஷினின் பூட்டைத் திறந்தது நீ. வேலை முடிந்ததும் மறுபடி பூட்டியிருக்க வேண்டும், பூட்டவில்லை. யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து மாற்றியிருக்க முடியும். இந்த மூன்று வரியை எழுதிக் கையெழுத்துப் போடு.

பொன்னி


பெரும்பாக்கம்
14.7.2025

பொன்னி,

போலீஸ் விஷயம் எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. படித்ததிலிருந்து தூக்கம் இல்லை.

நீ கேட்கும் மூன்று வரியை நேற்று எழுதினேன். எழுதிவிட்டுக் கையெழுத்துப் போட முடியவில்லை. ஏன் என்று சொல்கிறேன், என்னைக் கேவலமாக நினைக்காதே.

என் வேலை என்ன தெரியுமா? கம்பெனியில் பாதுகாப்புப் பிரிவு. எளிய பாஸ்வேர்டு வைக்காதே, வேலை முடிந்ததும் கதவைச் சாத்து என்று மற்றவர்களுக்குப் பாடம் எடுப்பதுதான் என் வேலை. ஏப்ரலில்தான் டீம் லீடாகப் போட்டார்கள். இந்த மூன்று வரி அரசாங்கக் கோப்பில் ஏறினால் அடுத்த நாள் என்னிடம் லேப்டாப்பைத் திரும்ப வாங்கிவிடுவார்கள். அதற்குப் பிறகு இந்த ஊரில் எவனும் என்னை இந்த வேலைக்கு எடுக்கமாட்டான்.

உன் மெஷினின் பாஸ்வேர்டு 'உப்பு ஒன்று இரண்டு மூன்று'. நான் வைத்தது. உனக்கு எளிதாக இருக்கட்டும் என்று.

ஒரு வழி தோன்றியது. கோபப்படாமல் யோசித்துப் பார். அந்த மஞ்சள் கட்டம் வந்தபோது சம்மதம் என்ற பட்டனை அழுத்தியது நீதான். நான் போனில் சொன்னேன், அழுத்தியது உன் விரல். ஏதோ கேட்டது, அர்த்தம் புரியாமல் அழுத்திவிட்டேன், அதனால் மெஷின் திறந்து கிடந்தது என்று நீயே சொல்லலாம். உன்னை யாரும் குற்றம் சொல்லமாட்டார்கள். உப்பளத்துப் பெண்ணுக்கு லினக்ஸ் தெரியாமல் இருப்பது தப்பு என்று எந்த அதிகாரியும் சொல்லமாட்டான். புகாரும் நிற்காது. நீயும் தப்பிப்பாய், நானும்.

யோசித்து எழுது.

அருள்


மரக்காணம்
24.7.2025

உன் பெயரை மேலே எழுதக் கை வரவில்லை.

உன் கடிதத்தை ஹஸ்னா கடையில் வைத்துப் படித்தேன். அவள் கேட்டாள், காட்டினேன். அவள் கம்ப்யூட்டரில் உன் பெயரைப் போட்டுத் தேடினாள். உன் கம்பெனியில் ஏதாவது பெரிய ஆளிடம் பேசலாமா என்று பார்க்கத்தான். ஒரு வீடியோ வந்தது.

மார்ச் மாதம். ஒரு சனிக்கிழமை. ஏதோ ஹாலில் அறுபது எழுபது பேர். நீ மைக் மாட்டிக்கொண்டு மேடையில் நிற்கிறாய். பின்னால் திரையில் என் வாய்க்காலின் அளவு ஓடுகிறது. அன்று காலை நான் எடுத்தது. நான் அப்போது சேற்றில் நின்றுகொண்டிருந்திருப்பேன். நீ அங்கிருந்தே என் மெஷினுக்குள் நுழைந்து எல்லோருக்கும் காட்டுகிறாய். நுழைவதற்கு நீ அடித்த முகவரியும் பாஸ்வேர்டும் திரையில் அப்படியே இருக்கின்றன. ஹஸ்னா நிறுத்திக் காட்டினாள். இவ்வளவு பெரிய எழுத்தில். நாலு மாதமாக உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி கிடக்கிறது.

அதுகூடப் போகட்டும். பன்னிரண்டாவது நிமிடத்தில் ஒருவர் எழுந்து, டெவலப்பர் மோடைத் திறந்துவைத்தால் ஆபத்தில்லையா, அந்தப் பெண்ணுக்கு இதெல்லாம் தெரியுமா என்று கேட்கிறார். நல்ல மனிதர். நீ என்ன சொன்னாய்?

"அவங்களுக்கு ரூட்னா மரத்துக்குக் கீழ இருக்கிறதுதாங்க. நான் எஸ் அமுக்குன்னு சொன்னேன், அமுக்கிட்டாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். ஹாஸ்டலில் என் கட்டிலில் படுத்துக்கொண்டு சிரிப்பாயே, அதே சிரிப்பு.

நான் எழுந்து ஹஸ்னா கடைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன். அந்த வாய்க்காலில் பதினோரு மாதம் நின்றிருக்கிறேன், வாந்தி எடுத்ததில்லை.

தங்கராசு கம்ப்யூட்டர் தெரிந்த ஒருவனைப் பிடித்திருப்பான். அவன் அதிகம் கஷ்டப்பட்டிருக்கமாட்டான். அதை நான் நிரூபிக்க முடியாது, விடு. ஆனால் ஏப்ரலில் உனக்கு டீம் லீடு எப்படிக் கிடைத்தது என்று இப்போது புரிகிறது.

உப்பளத்துப் பெண்ணுக்குத் தெரியாமல் இருப்பது தப்பில்லை என்று எழுதியிருக்கிறாய். கெமிஸ்ட்ரியில் உனக்கு ரெக்கார்டு நோட்டு எழுதிக் கொடுத்தது இந்த உப்பளத்துப் பெண்தான். அன்று அந்த மஞ்சள் கட்டத்தைப் படித்துவிட்டு, "இது வேணாண்டி, பயமா இருக்குது" என்று நான் சொன்னேன். "நான் இருக்கேன்ல" என்றாய்.

அடுத்த விசாரணை ஆகஸ்ட் 20, புதன்கிழமை, காலை பதினொரு மணி. இனி நான் எதுவும் கேட்கமாட்டேன்.

பொன்னி


பெரும்பாக்கம்
3.8.2025

பொன்னி,

இதோடு இரண்டு பக்கம் தனியாக இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டு, நோட்டரியிடம் முத்திரை வாங்கியிருக்கிறேன். வாய்ப்புண்டு என்ற சொல் அதில் எங்கும் இல்லை. வீடியோவைப் பற்றியும் எழுதியிருக்கிறேன், எந்த நிமிடத்தில் பாஸ்வேர்டு தெரிகிறது என்பதோடு.

உன் கடிதம் வந்த அன்று அந்த வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். பேசி முடித்த பிறகு நான் அதை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. என் குரலையே என்னால் கேட்க முடியவில்லை. பன்னிரண்டாவது நிமிடத்துக்கு மூன்று தடவை திரும்பிப் போனேன். எதற்கு என்று தெரியவில்லை. புண்ணை அமுக்கிப் பார்க்கிற மாதிரி. அந்தச் சிரிப்பு யாருடையதோ என்றிருந்தது, ஆனால் என் முகம்.

உண்மையைச் சொல்கிறேன். உனக்கு உதவி செய்யத்தான் அந்த வழியைத் திறந்துவைத்தேன் என்று எழுதினேன் அல்லவா? முதல் மாதம் அது உண்மை. அதற்குப் பிறகு மெஷின் ஒருமுறைகூட நிற்கவில்லை, நான் எதையும் சரிசெய்யவும் இல்லை. மறுபடி பூட்டுவது ஐந்து நிமிட வேலை. பூட்டினால் மேடையில் காட்ட முடியாது. அதற்காகத்தான் விட்டுவைத்தேன். எல்லோரும் கை தட்டினார்கள் பொன்னி. அது எனக்குப் பிடித்திருந்தது.

போன கடிதத்தில் நீதான் அழுத்தினாய் என்று சொல்லச் சொன்னேனே. அதை எழுதும்போது நான் ஒரு நல்ல யோசனை சொல்வதாகத்தான் நினைத்தேன். தபாலில் போட்டுவிட்டு வந்து டீ குடித்தேன். அதை நினைத்தால்தான் எனக்கு மிகவும் அருவருப்பாக இருக்கிறது.

மேனேஜரிடம் வெள்ளிக்கிழமை நானே சொல்லிவிட்டேன். அவர் கத்தவில்லை. "லேப்டாப்பை டேபிள்ல வெச்சிட்டுப் போங்க அருள்மொழி" என்றார். அவ்வளவுதான். இதை உனக்குப் பெருமையாகச் சொல்லவில்லை. உன் வேலை போனது உன் தப்பால் இல்லை, என்னுடையது என் தப்பால்.

மெஷினில் தூரத்து வழியை அடைத்துவிட்டேன். மற்ற எதையும் தொடவில்லை, அவர்கள் பார்க்க வேண்டியிருக்கும் என்று. ஆனால் ஒன்றை நீ இப்போதே தெரிந்துகொள்ள வேண்டும். என் வாக்குமூலத்தால் உன்மேல் இருக்கும் புகார் போகலாம். அந்தப் பதினோரு மாத அளவுகள் திரும்ப வராது. மாற்றாமல் விட்ட நாட்களையும் இனி யாரும் நம்பத் தேவையில்லை. திறந்து கிடந்த மெஷினில் எது நிஜம் என்று எனக்கே தெரியாது.

இருபதாம் தேதி வருகிறேன். நீ என்னோடு பேச வேண்டாம்.

அருள்மொழி


மரக்காணம்
16.9.2025

அருள்மொழிக்கு,

விசாரணை முடிந்து வெளியே வந்தபோது படிக்கட்டில் நின்று என்னிடம் ஒன்று கேட்டாய். நான் பதில் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டேன். இவ்வளவு நாள் கழித்து எழுதுகிறேன். இடையில் நடந்ததும் உனக்குத் தெரிய வேண்டும்.

அன்று நீ நன்றாகப் பேசினாய். வக்கீல் உன்னை விடவில்லை. "அப்போ நீங்க ஒரு பொறுப்பில்லாத ஆளுன்னு சொல்றீங்க?" என்று கேட்டதற்கு, "ஆமாங்க" என்றாய். "உங்க வாக்குமூலத்த மட்டும் நாங்க ஏன் நம்பணும்?" என்றதற்கு, "என்னை நம்ப வேணாங்க, வீடியோவைப் பாருங்க" என்றாய். அந்த ஹாலில் உன் வீடியோவைப் போட்டார்கள். பன்னிரண்டாவது நிமிடமும் ஓடியது. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. எங்கள் பெண்கள் எல்லோரும் உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீ தலை குனியவில்லை. அதை நான் பார்த்தேன்.

போலீஸ் புகார் போன வாரம் மூடப்பட்டது. ஷெட்டிலும் திரும்ப வரச் சொன்னார்கள். அது உன்னால்தான். அதற்கு நன்றி, அதை மறைக்க எனக்கு மனசு வரவில்லை.

ஆனால் நீ சொன்ன மாதிரியே பதினோரு மாதமும் போய்விட்டது. இனி அதிகாரிகளே மாதம் ஒருமுறை வந்து தண்ணீர் எடுப்பார்களாம், முதல் திங்கட்கிழமை. தேதி பண்ணைக்கும் தெரியும். செப்டம்பர் ஒன்றாம் தேதி ஜீப் வந்தபோது வாய்க்கால் கண்ணாடி மாதிரி இருந்தது. தங்கராசு அவர்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தான். என்னைப் பார்த்து, "என்னம்மா, இன்னிக்கு எவ்ளோ டிகிரி?" என்றான்.

அப்பாவுக்கு மூன்றாவது விரலும் போய்விட்டது.

சென்ற வாரம் புதன்கிழமை காலை பத்து மணிக்கு மடையைத் திறந்தார்கள். ஒரு மாதம் தேக்கி வைத்தது மொத்தமும் வந்தது. இதுவரை நான் அப்படிப் பார்த்ததில்லை. கறுப்பு கூட இல்லை, ஒரு மாதிரிப் பச்சையும் கறுப்பும் கலந்து, மேலே கொழுப்பு மாதிரி ஏடு படிந்து, அழுகிய இறால் கூட்டமாக மிதந்து வந்தது. பாத்தியில் நின்றிருந்த பெண்கள் முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு மேட்டுக்கு ஓடினார்கள். ஒரு கிழவர் அங்கேயே உட்கார்ந்து ஓங்கரித்தார்.

எனக்கு என்ன தோன்றியதோ, சாப்பாட்டுத் தூக்கைக் கழுவி அதில் முக்கால்வரை அள்ளினேன். ஐந்து பேர் பஸ் ஏறினோம். கண்டக்டர் பாதி வழியிலேயே, "ஏம்மா, என்னம்மா அது தூக்குல? இறங்குங்க" என்று சத்தம் போட்டார். திண்டிவனத்தில் வேறு பஸ் மாறினோம்.

விழுப்புரத்தில் விசாரணை அதிகாரி ரூமில் இருந்தார். எங்களைப் பார்த்ததும், "மனு இருந்தா கொடுத்துட்டுப் போங்கம்மா, அளவு எடுக்கிறதுக்குன்னு தேதி இருக்குதில்ல" என்றார். நான் தூக்கை அவர் மேசைமேல், அவர் காகிதங்களுக்கு நடுவே வைத்து, மூடியைத் திறந்தேன்.

அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். சட்டையைத் தூக்கி மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். பக்கத்து மேசைக்காரர் வெளியே ஓடிவிட்டார்.

"மூடும்மா! மூடு முதல்ல!"

"நாங்க காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் இதுக்குள்ளதான் நிக்கிறோம் சார். நீங்க ஒரு ரெண்டு நிமிஷம் இருங்க."

"மூடுன்றேன்!"

மூடவில்லை. எங்கள் ஐந்து பேரில் யாரும் மூக்கைப் பொத்தவில்லை. அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்களையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு டிரைவரைக் கூப்பிட்டார். சாயங்காலம் நாலு மணிக்கு ஜீப் எங்கள் வாய்க்காலுக்கு வந்தது. அன்று அவர்கள் வரும் தேதி இல்லை. இளநீர் வெட்ட தங்கராசுக்கு நேரம் இருக்கவில்லை. நாலு பாட்டிலில் எடுத்து, மடையை மூடி அரக்கு முத்திரை வைத்து, நோட்டீஸ் ஒட்டினார்கள். பண்ணை இன்னும் மூடப்படவில்லை. கோர்ட்டுக்குப் போவார்கள். போகட்டும்.

நீ படிக்கட்டில் கேட்டதற்கு வருகிறேன். மன்னிப்பாயா என்றாய். யோசித்துப் பார்த்தேன். உன்மேல் இப்போது கோபம் இல்லை. கோபம் இருந்தால் ஒரு நாள் திட்டித் தீர்த்துவிடலாம். உன் பெயரைக் கேட்டால் எனக்கு அந்த ஹாலும் அந்தச் சிரிப்பும் வருகிறது, உடனே வாயில் எச்சில் ஊறுகிறது, துப்பவேண்டும் போல. நீ உண்மையைச் சொன்ன பிறகும் அது போகவில்லை. போகும் என்று எதிர்பார்த்தேன். போயிருந்தால் எனக்கும் நன்றாக இருந்திருக்கும்.

எனக்கு எழுத வேண்டாம். நல்ல வேலையாகப் பார்த்துப் போ. போன இடத்தில் யாராவது ஒருத்தி பயமாக இருக்கிறது என்று சொன்னால், என்ன பயம் என்று கேள்.

பொன்னி